அருகில் இருந்தவர்களின் சாட்சியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களிடையே காணப்படும் குடியைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் கவனமாகப் படித்தேன். காட்சி ஊடகவியல் பயிலும் நாங்கள் சிலர் சேர்ந்து, எங்கள் இறுதியாண்டுப் படைப்பாக இதே பொருளில் ஓர் ஆவணப்படம் எடுத்து முடித்திருக்கிறோம். ஒரே அமர்வில், குறுகிய நேரத்துக்குள், உடல் தாங்கும் அளவைக் கடந்து குடிக்கும் பழக்கமே அதன் பொருள். குடியைப் பற்றிய படத்தில் யாரும் குடிப்பதாக ஒரு காட்சிகூட இல்லையே என்பதுதான் படத்தைப் பார்த்த பலரும் எங்களிடம் முதலில் கேட்டது. அதற்கான விடை எங்கள் படத்தோடு முடிந்துவிடுவதில்லை. இந்தச் சிக்கலைப் பத்திரிகைகளும் கல்வி நிறுவனங்களும் பார்க்கும் விதத்தோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தங்கள் கட்டுரையும் வாசகர் கடிதங்களும் பெரும்பாலும் குடிக்கு அடிமையானவர்களைப் பற்றியே பேசின. நாங்கள் சந்தித்த மாணவர்களில் பெரும்பாலோர் அவ்வகையினர் அல்லர். வாரம் முழுவதும் தொடாமல் இருந்து, தேர்வு முடிந்த இரவிலோ நண்பரின் பிறந்தநாளிலோ மொத்தமாகக் குடிப்பவர்கள் அவர்கள். "நான் ஒன்றும் குடிகாரன் இல்லை" என்பது ஏறத்தாழ எல்லோரும் சொன்ன வாக்கியம். அதில் பொய்யும் இல்லை. அடிமைத்தனத்துக்கு எதிராக எழுதப்படும் எச்சரிக்கைகள் எல்லாம் வேறு யாருக்கோ எழுதப்பட்டவை என்று அவர்கள் கடந்துபோய்விடுவதற்கு அதுவே காரணம். உலக சுகாதார நிறுவனம் கடந்த 30 நாட்களில் ஒருமுறையாவது, ஒரே சந்தர்ப்பத்தில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் தூய ஆல்கஹால் அருந்துவதை இப்பழக்கத்தின் அளவுகோலாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 2 மணி நேரத்தில் ஆண்கள் 5, பெண்கள் 4 நிலையான அளவுகளைக் (ஓர் அளவில் சுமார் 14 கிராம் தூய ஆல்கஹால்) குடிப்பதால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் சேரும் நிலை கணக்கில் கொள்ளப்படுகிறது. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் அதன் செறிவு கூடுதலாக இருக்கும். அந்த வேறுபாடு அதனால்தான்.

கிராம் கணக்கில் சொன்னால் யாருக்கும் பிடிபடுவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே கண்டோம். 40 சதவீத வீரியமுள்ள மது 60 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 19 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 330 மில்லிலிட்டரில் சுமார் 13 கிராம். அப்படியானால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 60 கிராம் என்பது, வீரியமுள்ள மதுவில் 190 மில்லிலிட்டர் அளவிலேயே வந்துவிடுகிறது. படத்தில் இதைக் காட்ட, வழக்கமாக ஊற்றிக்கொள்ளும் அளவுக்கு நிறம் கலந்த தண்ணீரைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றும்படி மாணவர்களைக் கேட்டுக்கொண்டோம். பிறகு அதை அளவுக்குழாயில் அவர்கள் கண்ணெதிரிலேயே அளந்தோம். தாங்கள் வாயால் சொன்ன அளவைவிட மிகக் கூடுதலாக ஊற்றியிருந்தது தெரிந்ததும் அவர்கள் முகத்தில் வந்த மாற்றத்துக்கு எந்தப் பின்னணிக் குரலும் தேவைப்படவில்லை. எண்ணிக்கையில் கவனமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தவர்களும் அளவில் ஏமாந்திருந்தார்கள்.

இனி, குடிக்கும் காட்சி ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். எங்கள் குழுவுக்குள் இதுபற்றி நீண்ட விவாதம் நடந்தது. கண்ணால் பார்க்காதவரை இதன் கொடுமையை யாரும் நம்பமாட்டார்கள், விருந்துக்குள் கேமராவைக் கொண்டுபோனால்தான் அது ஆவணப்படம், வெளியே உட்கார்ந்து பேட்டி எடுத்தால் அது சொற்பொழிவாகிவிடும் என்று ஒரு நண்பர் வாதாடினார். நியாயமான வாதம்தான், ஆவணப்படத்தின் வலிமையே நிகழ்வின் நடுவில் நிற்பதில்தான் இருக்கிறது என்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் போதையில் இருப்பவர் தன்னைப் படம்பிடிக்க அனுமதி தரும் நிலையில் இருப்பதில்லை. அவர் தலையாட்டினாலும், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாலும் அது சம்மதம் ஆகாது. குடிப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று சொல்வாரும் உண்டு. தான் அன்றிரவு என்ன செய்யப்போகிறோம், எந்தக் கோலத்தில் தரையில் கிடக்கப்போகிறோம் என்று அறியாத ஒருவர் முன்கூட்டித் தரும் சம்மதத்துக்கு என்ன பொருள் இருக்க முடியும்? முகத்தை மங்கலாக்கிவிடலாம் என்பதும் அரைத் தீர்வுதான். குரலையும் நடையையும் அறையின் சுவரையும் வைத்தே ஒருவரை அவருடைய நண்பர்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள்; இணையத்தில் ஏறிய காட்சியை எந்த மன்னிப்பும் திரும்ப இறக்காது. இதிலும் பெண்களின் நிலை தனி. ஒரே விருந்தில் ஒரே அளவு போதையில் இருக்கும் இருவரில், ஆணின் காட்சி வேடிக்கையாகப் பகிரப்படும். பெண்ணின் காட்சி அவள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் திருமணப் பேச்சின்போதும் அவளைத் துரத்தி வரும். எங்களிடம் பேசிய மாணவிகள் தங்கள் பேட்டியைத் தொகுத்த பிறகு ஒருமுறை பார்த்து, விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று நாங்கள் விதி வகுத்தது அதனால்தான். விலகிக்கொண்டவர்களும் உண்டு. படத்தின் மிக நல்ல பகுதி ஒன்று அப்படித்தான் போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

சம்மதத்தைவிடவும் என்னை அதிகம் உறுத்திய காரணம் வேறொன்று. கேமரா இருக்கும் இடத்தில் குடி கூடும். கைப்பேசியை உயர்த்திப் பிடித்ததும் ஒரே மூச்சில் காலி செய்து காட்டுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "உன் கெப்பாசிட்டி என்ன?" என்ற கேள்வியே பார்வையாளர்களை வைத்துக் கேட்கப்படுவதுதான். நாங்கள் படம் எடுப்பதற்காக ஒருவர் கூடுதலாக ஒரு கோப்பை குடித்தால், அந்தக் கோப்பையின் பொறுப்பு எங்களுடையது. அதோடு, விருந்துக் காட்சியைத் தொகுப்பு மேசையில் வைத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் புலப்படும். மங்கிய வண்ண ஒளியும், மெதுவாக்கப்பட்ட அசைவும், அடியில் ஓடும் தாளமும் மது விற்பவர்கள் பல்லாண்டுகளாகச் செலவிட்டு உருவாக்கிய மொழி. அந்த மொழியில் எடுத்த காட்சிக்கு மேல் எத்தனை கண்டிப்பான குரலை ஒலிக்கவிட்டாலும், பார்ப்பவரின் மனத்தில் தங்குவது அங்கே இருந்த கொண்டாட்டம்தான்.

படம் எடுக்கும்போது நான் கற்றதில் மிக முக்கியமானது நினைவைப் பற்றியது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். இரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது, மூளையில் புதிய நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வேலை தடைபடுகிறது. அந்நிலையில் இருப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. நடக்கிறார், பேசுகிறார், சண்டை போடுகிறார், சில சமயம் வண்டியையும் ஓட்டுகிறார். ஆனால் எதுவும் பதிவாவதில்லை. 1946-இல் ஜெல்லினெக் என்ற ஆய்வாளர் குடிநோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் வழியே இது பரவலாகக் கவனத்துக்கு வந்தபோது, நாட்பட்ட குடிநோயின் அறிகுறியாகவே கருதப்பட்டது. பிறகு டொனால்ட் குட்வின் என்ற மனநல மருத்துவர் தன்னார்வலர்களுக்கு மது கொடுத்துச் சில பொருள்களைக் காட்டி, சில நிமிடங்கள் கழித்தும் அரை மணி நேரம் கழித்தும் கேட்டுப் பார்த்தார்; சில நிமிடங்களுக்கு நினைவு வைத்திருந்தவர்களில் சிலர் அரை மணி நேரத்தில் அதை முற்றிலும் இழந்திருந்தார்கள். வேகமாகக் குடிக்கும் எவருக்கும், முதல் முறை குடிக்கும் இளைஞருக்கும்கூட இது நேரலாம் என்பது இன்று அறியப்பட்ட உண்மை. வெறும் வயிற்றில் வேகமாகக் குடிப்பது இந்த ஆபத்தைக் கூட்டும்.

ஆவணப்படம் எடுப்பவருக்கு இதில் ஒரு பெரும் சிக்கல் இருக்கிறது. அளவுமீறிக் குடித்த இரவைப் பற்றி நாங்கள் யாரைக் கேட்டாலும், கதை ஒரு கட்டம் வரை சொந்தக் குரலில் வரும். அதன்பிறகு "நான் கீழே விழுந்தேனாம்", "யாரையோ திட்டினேனாம்" என்று மாறிவிடும். தன் வாழ்க்கையின் மிக ஆபத்தான மணி நேரத்துக்கு அவரே சாட்சி அல்லர். மறுநாள் நண்பர்கள் சொன்னதையும், அவர்கள் கைப்பேசியில் இருந்த துண்டுக் காட்சிகளையும் ஒட்டவைத்துத்தான் அவர் அந்த இரவைக் கட்டிக்கொள்கிறார். அதிலும் நண்பர்கள் சிரிக்கத்தக்கதை மட்டுமே சொல்லியிருப்பார்கள். மூச்சு சீராக இல்லாமல் கிடந்ததையும், தாங்கள் பயந்து நின்றதையும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த அச்சத்தை மறைத்துவைத்த கதையைக் கேட்டுத்தான் அவர் அடுத்த முறையும் அதே அளவு குடிக்கிறார். ஆகவே கேமராவை அருகில் இருந்தவர்கள் பக்கம் திருப்பினோம். எங்கள் படம் முழுவதும் அவர்களின் சாட்சியம்தான்.

அவர்கள் சொன்னவற்றில் மீண்டும் மீண்டும் வந்த சொற்கள் "மட்டையாகிவிட்டான்", "தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம்", "காலையில் சரியாகிவிடும் என்று நினைத்தோம்" என்பவை. அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் ஒருவரிடம் இந்தப் பேட்டிகளைக் காட்டியபோது, இந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான் தான் மிகவும் அஞ்சுவதாகச் சொன்னார். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றிலும் குடலிலும் இருக்கும் மது இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே படுக்கவைத்த நேரத்தைவிட அரை மணியோ ஒரு மணியோ கழித்து அவருடைய நிலை மோசமாக இருக்கலாம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் அகற்ற முடியும் என்பதால், 60 கிராமை முழுவதும் வெளியேற்ற ஏறத்தாழ 6 முதல் 9 மணி நேரம் வரை ஆகிவிடும். காபியோ குளிர்ந்த நீரோ எலுமிச்சைச் சாறோ அதை விரைவுபடுத்துவதில்லை. குளிர்ந்த நீரை ஊற்றினால், ஏற்கெனவே வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும் உடல் மேலும் குளிர்ந்துபோகும். ஆல்கஹாலின் அளவு மிகும்போது மூச்சையும் தொண்டையின் அனிச்சைச் செயலையும் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகள் மந்தமாகின்றன; மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயை அடைத்துவிடும். உறங்குவதாக நினைத்துவிட்டுப் போனவர்கள் காலையில் காணும் மரணங்கள் நேர்வது இப்படித்தான்.

எழுப்பினால் எழாமை, நிமிடத்துக்கு 8 முறைக்கும் குறைவான மூச்சு, இரண்டு மூச்சுகளுக்கு இடையே 10 நொடி அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளி, சில்லிட்ட தோல், நீலம் பாய்ந்த உதடு, வலிப்பு, உணர்வில்லாமலே வாந்தி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவசர மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். எல்லாம் தென்படும் வரை காத்திருக்கக் கூடாது. உதவி வரும்வரை அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல் அருகிலேயே இருக்க வேண்டும். வலிந்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பல ஆண்டுகளாக நண்பர்களோடு குடித்துவரும் மாணவர்களில் பலருக்கு இந்தச் சில வாக்கியங்கள் தெரிந்திருக்கவில்லை. மதுவின் தீமைகளைப் பற்றிப் பள்ளி முதல் கேட்டுவந்த சொற்பொழிவுகள் எதிலும், குடித்துவிட்ட ஒருவரை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

தெரிந்திருந்தவர்களும் தொலைபேசியை எடுக்கவில்லை. இந்த அளவுக்கு மருத்துவமனை தேவையா என்ற ஐயம் ஒரு பக்கம்; அதைவிடப் பெரிதாக விடுதிக் காப்பாளர், ஒழுங்கு நடவடிக்கை, வீட்டுக்குப் போகும் கடிதம் ஆகியவற்றைப் பற்றிய அச்சம். குடித்தவர் மட்டுமல்ல, உடனிருந்தவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்ற நிலையில், நண்பனைக் காப்பாற்றுவதா நண்பர்கள் அனைவரின் படிப்பையும் காப்பாற்றுவதா என்று இருபது வயதுக்காரர் ஒருவர் நள்ளிரவில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல், மருத்துவ உதவியை நாடி அழைப்பவர் மீதும் பாதிக்கப்பட்டவர் மீதும் நடவடிக்கை எடுக்காமல், பின்னர் ஆலோசனைக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின. அதற்காகக் குடி கூடிவிட்டதாகத் தெரியவில்லை. தண்டனையைத் தளர்த்தினால் குடியை ஊக்குவிப்பதாகும் என்று அஞ்சும் நிர்வாகிகள் இந்த அனுபவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எங்கள் படத்தின் நடுப்பகுதியில் ஒரு காட்சித் தொகுப்பு இருக்கிறது. ஒரே நட்பு வட்டத்தைச் சேர்ந்த மாணவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, போட்டி போட்டுக் குடிக்கும் வழக்கம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டோம். தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அவர்களுக்காகத்தான் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அந்தப் பதில்களை அடுத்தடுத்து வைத்து, அவர்கள் அனைவரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திரையிட்டுக் காட்டினோம். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியிருக்கிறது. வளாகத்தின் குடிப் பழக்கத்தோடு தான் ஒத்துப்போகும் அளவைவிட மற்றவர்கள் கூடுதலாக ஒத்துப்போவதாகவே மாணவர்கள் நம்பினார்கள். ஆயினும் ஆய்வுக் கட்டுரையில் படிப்பது வேறு. தன் நண்பன் அதே சொற்களைத் திரையில் சொல்லக் கேட்பது வேறு. அன்று அந்த அறையில் நடந்த பேச்சை நாங்கள் படம்பிடிக்கவில்லை. அவர்கள் அதைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது.

பத்திரிகைகளின் பக்கம் வருகிறேன். மாணவர்களின் குடி செய்தியாகும்போது பெரும்பாலும் போதையில் தள்ளாடும் இளைஞர்களின் படமோ, வரிசையாக வைத்த பாட்டில்களின் படமோ அதனுடன் வருகிறது. முன்னது சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரைக் காட்சிப்பொருளாக்குகிறது; பின்னது எந்தத் தகவலையும் தருவதில்லை. ஒரு மாணவர் இறந்துபோனால், அளவுக்கு அதிகமாகக் குடித்ததால் இறந்தார் என்று ஒரு வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. அவர் கடைசியாக மூச்சுவிட்டதற்கு முந்தைய சில மணி நேரத்தில் அருகில் யார் இருந்தார்கள், என்ன கண்டார்கள், ஏன் அழைக்கவில்லை என்ற கேள்விகள் எழுப்பப்படுவதில்லை. உடனிருந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் அந்தச் சுமையோடு இருக்கப்போகிறவர்கள். அடுத்த முறை அதே நிலையில் நிற்கப்போகும் இன்னொரு நண்பர் அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் மதுவால் நேர்ந்த மரணங்கள் சுமார் 26 லட்சம். அந்த ஆண்டில் 20 முதல் 39 வயதுக்குட்பட்டவர்களிடையே நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ 13 சதவீதம் மதுவோடு தொடர்புடையவை. கல்லீரல் கெட்டு முதுமையில் வரும் மரணத்தை மட்டுமே மதுவின் விலையாக நினைத்துக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கு இந்த எண்கள் போய்ச்சேரவில்லை.

ஆகவே தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. மாணவர் குடி பற்றிய செய்தியோ கட்டுரையோ வெளியாகும் ஒவ்வொரு முறையும், மேலே நான் எழுதியுள்ள ஆபத்து அறிகுறிகளையும் செய்ய வேண்டியவற்றையும், தங்களுக்கு நம்பிக்கையுள்ள மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொண்டு, சிறு கட்டத்துக்குள் அச்சிட வேண்டும். கல்வி நிறுவனங்களின் பொறுப்பில் இருப்போர் இக்கடிதத்தைப் படிக்க நேர்ந்தால், உதவிக்கு அழைப்பவர் மீது நடவடிக்கை இருக்காது என்பதை விடுதி விதிகளிலேயே எழுத்தில் சேர்த்து, ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களுக்கு வாசித்துக்காட்ட முன்வர வேண்டும். வாய்மொழி உறுதியை மாணவர்கள் நம்புவதில்லை என்பதை எங்கள் பேட்டிகளில் தெளிவாகக் கேட்டோம். படத்தில் ஒருக்களித்துப் படுக்கவைக்கும் முறையை மருத்துவர் செய்துகாட்டும் பகுதியைத் தனியே வெட்டியெடுத்து, கேட்கும் எந்த நிறுவனத்துக்கும் கட்டணமின்றித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதில் எந்த மாணவரின் முகமும் குரலும் இல்லை.

இப்படிக்கு,
காட்சி ஊடகவியல் மாணவி ஒருவர்